கரோக்கேயில் பாட எளிதான அனிமேஷன் படப் பாட்டுகள் எவை?

மழைத்துளி:
வணக்கம். வீட்டு விழாவில் கரோக்கே வைக்கிறோம். அனிமேஷன் படப் பாட்டு மட்டும்தான் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். 8 வயதிலிருந்து 50 வயது வரை பாட வருகிறார்கள், யாரும் முறையாகப் பாட்டுக் கற்றவர்கள் இல்லை. சுருதியில் ஆண்களுக்கு 1 கட்டையும் (C) பெண்களுக்கு 5 கட்டையும் (G) ஒத்துவருகின்றன. யூடியூப் மைனஸ் ஒன் ட்ராக் (பாடும் குரல் இல்லாத வாத்திய இசை), ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு மைக், இவ்வளவுதான் கையில் இருக்கிறது. எல்லாரும் முதலில் 'லெட் இட் கோ' என்கிறார்கள். அது சரிப்படுமா? தமிழிலும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:
'லெட் இட் கோ' வேண்டாம். பிரபலமான பாட்டு எளிதான பாட்டு ஆகிவிடாது.

2013-இல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தில் இடீனா மென்ஸல் பாடியது அது. மேடை நாடகங்களில் பழகிய குரல். நடு ஸ்தாயி 1 கட்டைக்குக் கீழே உள்ள 4 கட்டையில் தொடங்கி, மேல் ஸ்தாயி 2½ கட்டை வரை போகிறது. எண்ணினால் 22 அரைக்கட்டை (பியானோவில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்), கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயி (ஒரு ஸ்தாயிக்கு 12 அரைக்கட்டை). சுருதியைக் குறைத்தால் சமாளிக்கலாமே என்று தோன்றும். குறைத்துப் பாருங்கள்: பல்லவி வசப்படும், ஆனால் முதல் சரணம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். ஏற்றினால் சரணம் கேட்கும், பல்லவியில் கத்தல்தான். அகலம் கூடிய பாட்டை எந்தச் சுருதிக்கு நகர்த்தினாலும் ஒரு முனை வெளியே நிற்கும். அதனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உச்ச சுரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிக்கும் உச்சிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பயிலாத குரலுக்கு 12 முதல் 15 அரைக்கட்டை வரை வசதி.

அந்தக் கணக்கில் பெண்களுக்கு 'மோனா' (2016) படத்தின் 'ஹவ் ஃபார் ஐ'ல் கோ'. மொத்தம் 15 அரைக்கட்டைதான். கடைசிப் பல்லவிக்கு முன் சுருதி அரைக்கட்டை ஏறும். அந்த இடத்தில் பழைய சுருதியிலேயே நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. மாறும் இடத்தை மட்டும் தனியாக ஏழெட்டு முறை கேட்டுப் பழகினால் போதும்.

ஆண்கள் இதையே ஒரு ஸ்தாயி கீழே பாடலாம், பலர் இதை யோசிப்பதில்லை. சாதாரண ஆண் குரலுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் உச்சம் நடுக்குரலில் விழுவதால் பாட்டு சற்றுச் சப்பென்று இருக்கும். ட்ராக்கை 2 அரைக்கட்டை ஏற்றினால் அந்தத் துடிப்பு திரும்ப வந்துவிடும்.

எல்லாவற்றிலும் எளிது எது என்று கேட்டால் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) தலைப்புப் பாட்டு என்பேன். நிதானமான நடை, ஒவ்வொரு அடிக்கும் பிறகு மூச்சுவிட இடம், ஒரே சிறு மெட்டு திரும்பத் திரும்ப வரும். நடுவில் ஒருமுறை சுருதி ஏறும். ட்ராக் தேடும்போது மட்டும் கவனம். படத்துக்குள் ஆஞ்சலா லேன்ஸ்பரி பாடிய வடிவம் வேண்டும். செலின் டியோனும் பீபோ ப்ரைஸனும் பாடிய வடிவமும் அதே பெயரில் கிடைக்கும், அதில் சங்கதிகளும் (மெட்டை அலங்கரிக்கும் நுணுக்கங்கள்) நீட்டல்களும் அதிகம்.

வெள்ளைக்கட்டை:
மேலே சொன்னது சரி. ஆனால் அகலம் மட்டும் போதாது. சொல்லின் வேகத்தையும் குரல்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

'த லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தின் 'அண்டர் த ஸீ' மெட்டு எளிது, தாளமும் துள்ளும். ஆனால் பாதிப் பாட்டுக்குப் பிறகு மீன்களின் பெயரும் வாத்தியங்களின் பெயரும் மாறி மாறிக் கொட்டும். மனப்பாடம் இல்லாமல் திரையைப் பார்த்துப் படித்தால் அங்கே நாக்கு உருளும். 'என்கான்டோ' (2021) படத்தின் 'வி டோன்ட் டாக் அபவுட் ப்ரூனோ' ஒருவர் பாடும் பாட்டே இல்லை. கடைசியில் பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்.

'த லயன் கிங்' (1994) படத்தின் 'ஹக்கூனா மட்டாட்டா'வில் வசனங்கள் நிறைய. மூன்று பேர் பங்கு போட்டால் அருமை. தனியாகப் பாடினால் யாருடைய வரி என்றே புரியாமல் தடுமாறுவீர்கள்.

ஆண்களுக்கு 'டாய் ஸ்டோரி' (1995) படத்தில் ராண்டி நியூமன் பாடிய 'யூ'வ் காட் எ ஃப்ரெண்ட் இன் மீ'. பேசுவதுபோலவே பாடலாம், கரகரப்பான குரல் இதற்கு அழகு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லையும் தாளத்தட்டில் அளந்து வைத்ததுபோலப் பாடாதீர்கள், சொற்கள் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து விழ வேண்டும். அதுதான் இந்தப் பாட்டின் உயிர்.

கூட்டமாகப் பாட 'மூலான்' (1998) படத்தின் 'ஐ'ல் மேக் எ மேன் அவுட் ஆஃப் யூ'. ஒருவர் அடியைப் பாட, மற்றவர்கள் கோஷம் போடலாம். நடுவில் ஓரிடத்தில் சுருதி ஏறும், அதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள்.

மழைத்துளி:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். யூடியூப் ட்ராக்கின் சுருதியை எப்படி மாற்றுவது? தமிழ்ப் பாட்டு எதுவும் இல்லையா?

ஒலிக்கம்பி:
யூடியூப்பில் வேகத்தைத்தான் மாற்றலாம், சுருதியை மாற்ற வழியில்லை. பாட்டின் பெயரோடு 'லோயர் கீ' (lower key, குறைந்த சுருதி), 'மேல் கீ' (male key, ஆண்குரல் சுருதி) என்று சேர்த்துத் தேடினால் பல பாட்டுகளுக்குத் தயாராகவே கிடைக்கும். இல்லையென்றால் சுருதி மாற்றும் வசதியுள்ள கரோக்கே செயலி வேண்டும். அதில் ஒரு தட்டு ஓர் அரைக்கட்டை. நாலைந்துக்கு மேல் நகர்த்தினால் வாத்திய ஒலி பொம்மைக்குரல்போல ஆகிவிடும், அப்போது பாட்டையே மாற்றுங்கள்.

ப்ளூடூத் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விழா கெடுவது பெரும்பாலும் அங்கேதான். மைக்கை ஸ்பீக்கரிலேயே நேராகச் செருகினால் பிரச்சினை இல்லை. மைக்கைப் போனில் இணைத்து, போனிலிருந்து ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பினால் உங்கள் குரல் உங்களுக்கே தாமதமாகக் கேட்கும். எவ்வளவு நல்ல பாடகரும் அதில் தாளம் தப்புவார். 3.5 மி.மீ. கம்பி ஒன்று வாங்கிப் போனையும் ஸ்பீக்கரையும் இணைத்துவிடுங்கள். மைக் உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளி இருக்கட்டும். வலைத்தலையைக் கையால் பொத்தினால் கீச்சென்று கத்தும். பாடுபவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்க வேண்டும். எக்கோவைப் பாதிக்கும் கீழே வையுங்கள். அதிகம் வைத்தால் சொல்லே விளங்காது.

தமிழில் 'கோச்சடையான்' (2014) இருக்கிறது. ஏ.ஆர்.ரகுமான் இசையில் எஸ்.பி.பி.யும் சாதனா சர்கமும் பாடிய 'மெதுவாகத்தான்' கணவன் மனைவி சேர்ந்து பாட ஏற்றது. எஸ்.பி.பி.யின் குழைவுகளைப் பிடிக்கப் போகாதீர்கள், மெட்டை நேராகப் பாடினாலே இனிக்கும்.

டப்பிங் பாட்டுகளுக்குத் தமிழ் மைனஸ் ஒன் தேடி அலைய வேண்டாம். டப்பிங்கில் அதே வாத்திய இசைக்குத்தான் தமிழ்ச் சொற்களைப் பொருத்துகிறார்கள். தமிழ் வரிகளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில ட்ராக்கிலேயே பாடலாம், திரையில் ஓடும் ஆங்கிலத்தை மறைத்துவிடுங்கள். 'ஃப்ரோஸன் 2' தமிழில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்துப் பாடியது பலருக்குப் பிடிக்கும். ஆனால் அதன் முக்கியப் பாட்டு எளிதல்ல, பல்லவி உச்சத்திலேயே நிற்கிறது.

சுருதிப்பெட்டி:
8 வயதுக் குழந்தைக்கு ஒன்று விட்டுப்போயிற்று. 'கோகோ' (2017) படத்தின் 'ரிமெம்பர் மீ' தாலாட்டு வடிவம். கிட்டார் மட்டும், மெதுவான நடை, வரிகளும் கொஞ்சம். அதே பாட்டு படத்தில் ஆரவாரமான வடிவிலும் வருகிறது, அதை எடுத்துவிடாதீர்கள். 1940-இல் வந்த 'பினோக்கியோ'வின் 'வென் யூ விஷ் அப்பான் எ ஸ்டார்' குழந்தைப்பாட்டுப்போலத் தெரியும். முதல் இரண்டு சுரத்துக்கு இடையிலேயே ஒரு முழு ஸ்தாயி தாவல் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள்.