புதுப்பிப்பு: நாங்குநேரியில் நின்றுபோன கார்

போன வாரம் நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் என் பழைய பெட்ரோல் கார் ஓட்டத்திலேயே அணைந்தது, அரை மணி நேரம் ஆறியதும் கிளம்பியது என்று எழுதியிருந்தேன். பலரும் பெட்ரோல் பம்ப் என்றீர்கள். இல்லை, இன்ஜின் தண்டு சுழல்வதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் பழுது. சூடேறினால் அதன் சிக்னல் விட்டுப்போகும். ஸ்பார்க்கும் பெட்ரோலும் நின்றுவிடும். ஆறிவிட்டால் கோளாறு தெரியாது என்பதால், "சூடா இருக்கும்போதே கொண்டாந்திருக்கலாம்லா?" என்றார் பாளையங்கோட்டை மெக்கானிக் அண்ணாச்சி. அதுதான் ஓடவில்லையே, எப்படிக் கொண்டுவர?

அன்று பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். அது தப்பு. இன்ஜின் நின்றபின், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான்; அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஒரே சீராக அழுத்தி ஓரங்கட்ட வேண்டும். ஸ்டியரிங்கும் கனக்கும். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.