குழுவில் எல்லாம் படிப்பீர்கள், எதுவும் எழுத மாட்டீர்கள்: ஏன்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

மதுரை அம்மா:

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றை நானும் இன்னும் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். சில நூறு பேர் இருக்கிறார்கள். பேசுவது என்னவோ எப்போதும் அதே பத்துப் பன்னிரண்டு பேர்தான். போன மாதம் எங்களில் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "இதுவரை ஒரு வார்த்தைகூட எழுதாதவர்களை ஞாயிற்றுக்கிழமை நீக்கப் போகிறோம்" என்று அறிவித்துவிட்டார். அப்போதும் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று இரவு என் எண்ணுக்குத் தனியாகச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

பெரும்பாலும் ஒரே மன்றாட்டு: "அக்கா, என்னை எடுத்துவிடாதீர்கள்." காரணங்கள்தான் வேறு வேறு. ஒரு தாய் எழுதியிருந்தார்: "எங்கள் தெருக்காரர் ஒருவரின் எண்ணும் இதில் இருக்கிறது. நான் ஒரு வரி எழுதினால் என் பெயரும் எண்ணும் அவர் கண்ணில் பட்டுவிடும். எனக்கு இருப்பது பெண் பிள்ளை. நாளைக்கு வரன் பார்க்கும்போது ஊர் முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும்." பிள்ளைக்கு எட்டு வயதுதான். சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பயம் பொய்யானது என்றும் சொல்ல முடியவில்லை.

இன்னொருவரை நேரிலேயே பார்த்தேன். அரசு மருத்துவமனையில் இன்சுலின் வாங்கும் வரிசையில், என் முகப்புப் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டு வந்து பேசினார். கைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். குழுவில் வந்த உருப்படியான தகவலெல்லாம் தேதி போட்டு எழுதப்பட்டிருந்தது. சிவப்பு மையில் கட்டம் கட்டி ஒன்று: "ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை கொடு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்." அதற்குக் கீழே, சிறு பிள்ளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு அவரே குறித்த அளவு.

அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல் என்று குழுவில் யாரோ சொன்னதைப் படித்துவிட்டுச் செய்திருக்கிறார். மருந்துப் பாட்டிலை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு உள்ளே வைத்தால் லேபிள் நனைந்து உரிவதில்லை என்பது அவராகவே கண்டுபிடித்தது. லேபிள் போனால் காலாவதித் தேதியும் போய்விடும் அல்லவா? "இதை எழுதியிருக்கலாமே, எத்தனை பேருக்கு உதவியிருக்கும்" என்றேன். "எழுத்துப் பிழை வரும் அக்கா. அதோடு அன்றைக்கு ஒருவரைச் சொன்னார்களே..." என்று இழுத்தார்.

எனக்கு உடனே நினைவு வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு தாத்தா, பேரனுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். டைப் 1 பிள்ளையின் உடலில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோயிருக்கும், ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். ஒருவர் "இதுகூடத் தெரியாதா? மேலே தேடிப் பாருங்கள்" என்று வெடுக்கென்று பதில் போட்டார். தாத்தா அதன் பிறகு எழுதவில்லை. அவரோடு சேர்த்து எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது வரிசையில் நின்ற அந்தப் பெண் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நீக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெற வைத்துவிட்டேன். உங்கள் பக்கக் கதையைச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி அப்பா:

நானும் வாய் திறக்காத கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் சகோதரி. எனக்குப் பயமோ கூச்சமோ கிடையாது. கேட்க வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். என் மனதில் இருக்கும் கேள்வியை இரண்டு நாளில் வேறு யாராவது கேட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் நேரத்தில் ஊசியை விடலாமா, விளையாட்டு விழா அன்று என்ன கொடுத்து அனுப்புவது, எல்லாமே பழைய செய்திகளில் கிடக்கிறது. இரவு ஷிஃப்டில் தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து தேடிப் படித்துவிடுவேன்.

சர்க்கரை நோய் உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சாக்லேட், பழம், தண்ணீர் எல்லாம் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017இல் அனுமதி கொடுத்ததைக் குழுவில்தான் படித்தேன். என் மகன் படிப்பது மாநிலப் பாடத்திட்டம். ஆனாலும் அந்தச் செய்தியை அச்செடுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மேசை மேல் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொள்ளட்டும் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டார். இதைக் குழுவில் எழுதியிருக்க வேண்டுமோ? தோன்றவே இல்லை.

சேலம் அம்மா:

எல்லாரும் படிப்பவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். எழுதுகிறவள் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருநாள் இரவு மகனுக்குச் சர்க்கரை 400ஐத் தாண்டி, வாந்தியும் எடுத்தான். மூச்சில் பழ வாடை. வெளியூரில் உறவினர் வீட்டில் இருந்தோம். கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியிருக்குமோ, பக்கத்தில் இரவில் திறந்திருக்கும் பெரிய மருத்துவமனை எது என்று குழுவில் கேட்டேன். பதில் இல்லை. மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும்போது அந்தச் செய்தியை அழுத்திப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்ற பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பையன் தேறிவிட்டான். அந்தப் பட்டியலை என்னால் மறக்க முடியவில்லை.

திருச்சி செவிலியர்:

சேலம் அம்மா, முதலில் ஒன்று: நீங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தீர்களே, அதுதான் சரி. வாந்தியும் பழ வாடையும் சேர்ந்தால் எந்தக் குழுவிலும் கேட்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். அன்று படித்தவர்களில் பாதிப் பேர் தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில்தான் பேசாமல் இருந்திருப்பார்கள். உயிர் விஷயத்தில் அந்தப் பயம் நல்லது என்றுகூடச் சொல்வேன்.

மற்றபடி, இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. யேகப் நீல்சன் என்ற இணைய ஆய்வாளர் 2006இலேயே எழுதியிருக்கிறார்: இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். எங்கள் மருத்துவமனையில் நவம்பர் 14 அன்று நடத்தும் கூட்டத்திலும் இதே கதைதான். இன்சுலினைக் கண்டுபிடித்த பாண்டிங் பிறந்த நாள் அது, நமக்கு குழந்தைகள் தினமும்கூட. மேடையில் "கேள்வி உண்டா?" என்றால் ஒரு கை எழாது. கூட்டம் முடிந்து தண்ணீர்ப் பானையருகே நின்றால் என்னைச் சுற்றி ஒரு கும்பலே நிற்கும்.

மதுரை அம்மா:

அந்தத் தண்ணீர்ப் பானைக்குத்தான் ஒரு வழி செய்திருக்கிறோம் மேடம். கேள்வியை எனக்குத் தனியாக அனுப்பினால் பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நான் குழுவில் போடுகிறேன். முதல் வாரத்திலேயே பள்ளிக் கழிப்பறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. இத்தனை காலம் குழுவில் யாரும் தொடாத விஷயம் அது. பதில்களும் குவிந்தன.

சேலம் அம்மா:

கேட்பவர் பெயர் வேண்டாம், சரி. பதில் சொல்பவர் பெயரையும் எடுத்துவிடாதீர்கள் அக்கா. யார் சொன்னது, அவர் பிள்ளைக்கு எத்தனை வருடமாக இருக்கிறது என்று தெரியாமல் என் பிள்ளை விஷயத்தில் நான் எதையும் பின்பற்ற மாட்டேன்.