முட்டை ஓடு தொட்டாலே உடைகிறது, அவசரம்

தோட்டத்துக்கோழி (ஏப்ரல் 11, காலை 6:48)
வணக்கம். நான்கு நாளாகக் கோழிகள் தோல் முட்டை (ஓடில்லாமல் வெறும் சவ்வு மூடியது) இடுகின்றன. மற்ற முட்டைகளும் எடுக்கும்போதே கட்டைவிரல் உள்ளே போய்விடுகிறது. இன்று காலை மட்டும் 14 உடைந்து கிடந்தன. கால்சியம் எல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன மருந்து போடலாம்? 8 மணிக்குக் கடைக்காரர் முட்டை எடுக்க வருவார். சீக்கிரம் சொல்லுங்கள்.

மோகனூர்க்காரன் (7:02)
எத்தனை கோழி, என்ன ரகம், எத்தனை வாரம்? தீவனம் கடையில் வாங்குகிறீர்களா, நீங்களே அரைக்கிறீர்களா?

கொங்குக்கூரை (7:15)
வெயில்தான் காரணம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு வெளியேறிவிடும். ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட்தானே, கார்பனேட்டுக்கு அந்த வாயு வேண்டும். வெயிலில் தீனியும் எடுக்காது. கூரைமேல் ஓலை போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மதியம் தொட்டித் தண்ணீரை மாற்றி விடுங்கள். எங்கள் கொட்டகையில் சித்திரை பிறந்தாலே இதுதான் பாடு.

எருமப்பட்டி (7:21)
வெயில் என்று முடிவு கட்ட வேண்டாம். ஐபி, ஈடிஎஸ் என்று இரண்டு வைரஸ் நோய்கள் உண்டு, இரண்டிலும் ஓடு கெடும். பழுப்பு முட்டை என்றால் நிறம் வெளுத்திருக்கிறதா? ஓட்டில் வரி வரியாகச் சுருக்கம் இருக்கிறதா? தட்டில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராகப் பரவுகிறதா? தடுப்பூசி என்னென்ன போட்டீர்கள்?

பழையபண்ணை (7:40)
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. வயது எழுதாமல், தீவனம் எழுதாமல் "என்ன மருந்து" என்று கேட்டால் என்ன சொல்வது? முட்டைக்கோழி வளர்க்க வருகிறவர் முதலில் ஒரு பயிற்சிக்குப் போய் வர வேண்டும். 22 வருடமாகப் பார்க்கிறேன். ஓட்டுப் பிரச்சினையில் மருந்து தேவைப்பட்ட பண்ணைகளை விரல் விட்டு எண்ணலாம். தீவன மாதிரி ஒரு கிலோ எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிற தீவன ஆய்வகத்தில் கொடுங்கள். கால்சியம், பாஸ்பரஸ் அளவு வந்த பிறகு பேசலாம்.

அம்மாச்சிவீடு (8:05)
ஆய்வகம் எல்லாம் எதற்கு? கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைக் குடிக்க வையுங்கள், மூன்றே நாளில் ஓடு கெட்டியாகும். எங்கள் அம்மாச்சி அப்படித்தான் செய்வார். முட்டை ஓட்டையும் வீணாக்காமல் நொறுக்கிப் போடுவார்.

மோகனூர்க்காரன் (8:19)
ஓட்டை அப்படியே போட்டால் கோழி ருசி கண்டுகொண்டு இட்ட முட்டையையே கொத்தும். வறுத்துத் தூளாக்கிப் போட்டால் பரவாயில்லை.

பழையபண்ணை (8:31)
சுண்ணாம்பு நீரைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அதில் கரைந்திருக்கும் கால்சியம் ஒன்றுமே இல்லை, காரம்தான் மிச்சம். இந்த வெயிலில் தண்ணீர் பிடிக்காமல் கோழி குடிப்பதைக் குறைத்தால் மறுநாள் தீனியும் போச்சு, முட்டையும் போச்சு.

அம்மாச்சிவீடு (8:44)
30 வருடம் கோழி வளர்த்தவர் எங்கள் அம்மாச்சி. ஒரு கோழிகூடச் சாகவில்லை. நாட்டுக்கோழிக்கு யார் தீவனக் கணக்குப் பார்த்தார்கள்?

கூண்டில்லாக்கோழி (9:10)
அம்மாச்சி செய்தது அவர் கோழிக்குப் போதும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடையில் உட்காரும். அந்த நாட்களில் எலும்பில் குறைந்ததை நிரப்பிக்கொள்ளும். பண்ணை ரகம் வருடத்துக்கு 300 முட்டை இடுகிறது, அதற்கு அந்த ஓய்வே கிடையாது. இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடக் கூடாது. அதிருக்கட்டும், கேட்டவர் எங்கே?

தோட்டத்துக்கோழி (பிற்பகல் 1:35)
மன்னிக்கவும், கடைக்காரரோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போதுதான் வந்தேன். பிவி 380 ரகம், 120 கோழி, 24 வாரம். ஐந்து வாரமாக முட்டை இடுகின்றன, தினம் 80க்கு மேல் வந்தது, இப்போது 65. நிறம் மாறவில்லை, சுருக்கமும் இல்லை. உடைத்துப் பார்த்தேன், வெள்ளைக்கரு நன்றாக நிற்கிறது. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. தீவனம் நானே அரைக்கிறேன்: மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், மினரல் மிக்சர். 100 கிலோவுக்கு 2 கிலோ சுண்ணாம்புக்கல் தூள், 1 கிலோ டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்). கால்சியம் டானிக்கும் காலைத் தண்ணீரில் ஊற்றுகிறேன். இன்னொன்று, இரண்டு கோழி நேற்றிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருக்கின்றன. அது வேறு நோயா?

எருமப்பட்டி (1:50)
நிறம் மாறாமல் வெள்ளைக்கரு நின்றால் என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. தீவனத்தைப் பாருங்கள்.

கூண்டில்லாக்கோழி (2:04)
2 கிலோவா? இது வளரும் கோழிக்கான கணக்கு தம்பி. குஞ்சிலிருந்து போட்ட அதே கலவையைத்தான் இப்போதும் போடுகிறீர்கள், சரியா?

சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் சுமார் 38 சதவீதம். உங்கள் 2 கிலோவில் முக்கால் கிலோ, டிசிபியில் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தத்தில் தீவனத்தில் ஒரு சதவீதம். கோழி 110 கிராம் தின்றால் 1.1 கிராம் கால்சியம் உள்ளே போகிறது. ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் 2 கிராமுக்கு மேல் இருக்கிறது, அதுவும் தின்றது அத்தனையும் உடம்பில் சேராது. தினம் 4 கிராம் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

"ஆரம்பத்தில் நன்றாகத்தானே வந்தது" என்று தோன்றும். அது எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்த முட்டை. அந்த இருப்பு தீர்ந்த பிறகுதான் ஓடு மெலிந்திருக்கிறது. உட்கார்ந்துவிட்ட இரண்டு கோழிகளைத் தூக்கி நெஞ்செலும்பின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நேராக, கத்தி முதுகு மாதிரி இருக்க வேண்டும். வளைந்தோ, அழுத்தினால் நெகிழ்ந்தோ இருந்தால் காரணம் அதுதான். அந்த இரண்டையும் தனியாக நிழலில் வைத்து, தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்டும்படி வையுங்கள். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டானிக்கை நம்ப வேண்டாம். 120 கோழிக்கு 4 கிராம் என்றால் தினம் 480 கிராம் கால்சியம், அதாவது ஒன்றேகால் கிலோ கல். எந்தப் பாட்டில் அதைக் கொடுக்கும்?

தவிட்டைக் குறைத்து, 100 கிலோவில் 9 கிலோ சுண்ணாம்புக்கல் வரும்படி மாற்றுங்கள். அதில் 3 கிலோ தூள், 6 கிலோ குருணை, மிளகு அளவில். ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில். தூள் சாயங்காலத்துக்குள் குடலைத் தாண்டிப் போய்விடும். குருணை இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். புதுக் கலவை தயாராகும்வரை இன்று 4 மணிக்கே கிளிஞ்சல் குருணையைத் தனித்தட்டில் வையுங்கள். தேவையான கோழி தானே தேடி வந்து தின்னும். மினரல் மிக்சர் பையில் வைட்டமின் டி3 இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் போட்ட கல் உடம்பில் ஒட்டாது.

பழையபண்ணை (2:20)
கணக்கு சரி. நான் முதலிலேயே தீவனம் என்று சொன்னேன். குருணை வாங்கும்போது நாலு துண்டு எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துக் கரைய வேண்டும். அடியில் மணல் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டோலமைட்டும் வேண்டாம், அதில் மக்னீசியம் அதிகம்.

கொங்குக்கூரை (2:41)
கூரைக்குத் தண்ணீர் தெளிப்பதையும் விட்டுவிடாதீர்கள். தீனி குறைந்தால் இந்த 4 கிராம் கணக்கே தப்பிவிடும்.

மோகனூர்க்காரன் (3:15)
அடுத்த தொகுதிக் குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்கு இந்தக் கலவை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கு வராத கோழிக்கு இத்தனை கால்சியம் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

தோட்டத்துக்கோழி (ஏப்ரல் 12, காலை 7:10)
ஆமாம் அக்கா, குஞ்சிலிருந்து அதே கலவைதான். நெஞ்செலும்பு இரண்டுக்கும் எஸ் மாதிரி வளைந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் குருணை வைத்தேன். தீவனத்தைக் கண்டால்கூட இப்படி ஓடி வந்ததில்லை, தட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கொத்தித் தீர்த்தன. பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்துக்கோழி (ஏப்ரல் 23, இரவு 9:26)
இன்று 84 முட்டை, தோல் முட்டை ஒன்றுதான். எல்லோருக்கும் நன்றி.

கூண்டில்லாக்கோழி (9:40)
சந்தோஷம் தம்பி. உட்கார்ந்திருந்த இரண்டும் எழுந்தனவா?