மக்கிரி யாருடைய கத்தி?

உளிச்சத்தம்:
"ஐனு கத்தி என்று ஒன்று கிடையாது, ஜப்பானியக் கத்திக்கு மர உறை மாட்டியதுதான்" என்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், அங்குள்ள பூர்வகுடிகளான ஐனு ஆண்கள், பெண்கள் எல்லோர் இடுப்பிலும் மக்கிரி என்கிற கத்தி தொங்கியது. சால்மன் மீனை வகுந்தது அதனால்தான், மான் தோலை உரித்ததும் அதனால்தான். பெண்களின் கத்திக்கு மெனோக்கோ மக்கிரி என்று தனிப் பெயரே இருக்கிறது.

வடகடல்:
மேதாவி நான்தான். ஒரே கேள்வி: இரும்பு அலகை அடித்தது யார்?

உளிச்சத்தம்:
பிடியும் உறையும் செதுக்கியது யார்? மனதுக்குப் பிடித்த பெண்ணுக்கு இளைஞன் தன் கையால் செதுக்கிக் கொடுப்பது மக்கிரி. மொரெவ் என்கிற சுருள், அயுஸ் என்கிற முள், மீன் செதில் போன்ற வரிகள், எல்லாம் கத்தி முனையில் போட்ட வேலை. அதைப் பார்த்துத்தான் பையனின் கைத்திறனை எடைபோட்டார்கள். கடவுளுக்கு மது படைக்கும் இக்குப்பசுய் குச்சியைச் செதுக்கியதும் மக்கிரிதான். நான் இருபது வருடம் மரம் செதுக்குகிறவன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வராதீர்கள்.

வடகடல்:
கொல்லன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எந்த ஊர்க் கொல்லன்?

பனிக்காலம்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 1456இல் தெற்கு ஹொக்கைடோவின் ஷினோரியில் ஒரு ஐனு இளைஞன் ஜப்பானியக் கொல்லனிடம் மக்கிரி செய்யச் சொன்னான். தரம், விலை என்று தகராறு முற்றி, கொல்லன் அவனைக் குத்திக் கொன்றுவிட்டான். அடுத்த வருடம் கொஷமைன் என்ற ஐனு தலைவனின் கீழ் ஜப்பானியருக்கு எதிராகப் போரே மூண்டது.

வடகடல்:
நன்றி பனிக்காலம். கொல்லன் ஜப்பானியன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உளிச்சத்தம்:
செய்யச் சொன்னவன் ஐனு! தனக்கு எப்படிப்பட்ட கத்தி வேண்டும் என்று தெரிந்ததால்தானே தரத்துக்குச் சண்டை போட்டான்? இரும்பு வியாபாரத்தில் வந்தது, யார் இல்லை என்றார்கள்? உங்கள் சட்டைக்குப் பஞ்சு எந்த ஊரில் விளைந்தது?

வடகடல்:
சட்டையை ஏன் இழுக்கிறீர்கள்? அலகு.

கடைவீதி:
நான் ஹொக்கைடோவில் ஐனு மக்கள் வாழும் நிபுத்தானியில் ஒரு மக்கிரி வாங்கினேன். அதில் மீன் வெட்டலாமா?

உளிச்சத்தம்:
வெட்டத்தான் கத்தி. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்களால்தான் 'வெறும் அலங்காரம்' என்ற பேச்சே கிளம்பியது.

வடகடல்:
2013இல் அரசு மரபுக் கைவினை என்று அறிவித்தது நிபுத்தானியின் மரத்தட்டையும் மரப்பட்டைத் துணியையும். கத்தி எங்கே?

உளிச்சத்தம்:
அந்தத் தட்டை எதை வைத்துச் செதுக்கினார்கள், நகத்தாலா? அரசு முத்திரை குத்தினால்தான் பொருளா உங்களுக்கு? நேபாளத்துக் குக்ரி கத்தி பற்றிய விவாதத்திலும் இதே பிடிவாதம். அன்று என்னை 'அரைகுறை' என்றீர்கள், மறக்கவில்லை.

வடகடல்:
அன்றும் அலகைப் பற்றிக் கேட்டேன், அன்றும் பதில் வரவில்லை.

கடைவீதி:
மீன் வெட்டினேன். உறைக்குள் ஈரம் போய்விட்டது, யாராவது சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
உறையில் யார் ஈரக் கத்தியைச் சொருகச் சொன்னது? வடகடல், எங்கும் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.