பிச்சாவரத்தில் பறவை பார்க்க எந்தப் படகு நல்லது?

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூரிலேயே பிறந்து வளர்ந்தும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் கல்லூரிக் கூட்டத்தோடு மே மாத உச்சி வெயிலில் மோட்டார் படகில், இரண்டு கொக்கைத் தவிர எதையும் பார்த்த நினைவில்லை. இப்போது நாலாம் வகுப்பு படிக்கும் மகள் பறவைகளை வரைந்து வரைந்து நோட்டை நிரப்புகிறாள். அவளுக்காகப் பொங்கல் விடுமுறையில் போகலாம் என்று இருக்கிறேன். மூட்டுவலி உள்ள அம்மாவும் வருகிறார்கள். துடுப்புப் படகா, மோட்டார் படகா? எத்தனை மணிக்குப் போகலாம்?

பரங்கிப்பேட்டைக்காரன்:
துடுப்புப் படகுதான் அக்கா. மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு போய்த் திரும்பிவிடும், சத்தம் கேட்டு, படகு நெருங்கும் முன்னாலேயே பறவைகள் எழுந்துவிடும். சுரபுன்னை மரங்களின் வேர்கள் இரு பக்கமும் வளைந்து இறங்கும் குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகு மட்டும்தான் நுழையும். தை மாதம் சரியான காலம். ஆனால் பொங்கல் விடுமுறையில், அதுவும் காணும் பொங்கலன்று, வேண்டவே வேண்டாம், கூட்டம் தாங்காது. அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் வாருங்கள்.

மணியைவிட ஓதம், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவது, முக்கியம். தண்ணீர் இறங்கும் வற்றத்தில் சேறு வெளியே தெரியும்போதுதான் உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் இறங்கி மேயும், தண்ணீர் ஏறிவிட்டால் ஒதுங்கிவிடும். வற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் முந்தின நாளே படகுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் இன்னும் நன்றாக இறங்கும்.

முத்தியால்பேட்டை:
துடுப்புப் படகுக்கு என் ஓட்டும். ஆனால் ஏறி இறங்கும்போது ஆடும், அம்மாவைப் பிடித்து உட்காரவைக்க ஒருவர் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் போனபோது படம் எடுக்க வேண்டும் என்று கேட்டதால் படகுக்காரர் துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்தார், பறவைக் கூட்டம் மொத்தமும் எழும்பியது, நாங்கள் கைதட்டினோம். இன்றும் அது உறுத்துகிறது. சைபீரியா வரை திரும்பிப் பறக்க வேண்டிய பறவைகள் இங்கே தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்கின்றன, ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் வீணாகிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. எழுப்ப வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

கிள்ளைப் பக்கம்:
பறவையோடு நிறுத்தாதீர்கள். சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி நீண்டு கிடக்கும், மகள் அதை வரையட்டும். சேற்றில் துள்ளி ஓடும் மீனும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டும் வற்றத்தில் கண்ணில் படும். இருளர் மக்கள் தண்ணீரில் அமர்ந்து கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தால் படகை விலக்கி விடச் சொல்லுங்கள், அது அவர்கள் பிழைப்பு.

இலை, கிளை எதையும் ஒடிக்க விடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரமும் இங்கே உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 2004 சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தவை இந்தக் காட்டு மரங்கள்தான், அதனால் எங்களுக்கு இவற்றின் மேல் தனிப் பாசம்.

மஞ்சக்குப்பம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. பொங்கல் கழித்து ஒரு புதன்கிழமை, துடுப்புப் படகு. தம்பியும் வருகிறான், அம்மாவைப் பிடித்துக்கொள்வான். மகள் இப்போதே நோட்டில் ஒரு பக்கத்தை அந்த விதைக்காகக் காலியாக விட்டிருக்கிறாள்.