விருது வாங்கிய அறிவியல் நூல்கள்: எந்தப் பட்டியலை நம்பலாம்?

அலமாரி: வாசிப்பு வட்டத்துக்கு ஆங்கில அறிவியல் நூல்கள் வாங்க வேண்டும். பாதி பெரியவர்களுக்கு, பாதி 8 முதல் 14 வயது வரை. அட்டையில் தங்க முத்திரை இல்லாத புத்தகமே இல்லை போல! எந்தப் பரிசை நம்பி வாங்குவது? வென்ற நூல்கள் மட்டும் போதுமா?

பின்னட்டை: பெரியவர்களுக்கு என்றால் பிரிட்டனின் அறிவியல் கழகமான லண்டன் ராயல் சொசைட்டியின் அறிவியல் நூல் பரிசிலிருந்து தொடங்குங்கள். 1988 முதல் கொடுக்கிறார்கள். தேடும்போது ஒரு குழப்பம் வரும்: புரவலர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறியது. ரோன்-பூலாங்க், அவெண்டிஸ், விண்டன், இன்சைட் இன்வெஸ்ட்மென்ட், திரிவேதி எல்லாம் ஒரே பரிசுதான். 2004-ல் எழுத்தாளர் பில் பிரைசன் வாங்கிய அவெண்டிஸ் பரிசும் இதுவே. தெரியாவிட்டால் ஐந்து தனிப் பரிசுகள் என்று எண்ணிவிடுவோம்.

வென்றதை மட்டும் வாங்காதீர்கள். குறும்பட்டியலில், அதாவது இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களின் பட்டியலில், வழக்கமாக ஆறு நூல்கள் இருக்கும்; இயற்பியல், மருத்துவம், உயிரியல் என்று துறைகள் கலந்து வரும். ஒரு வட்டத்துக்குத் தேவை அந்தக் கலவைதான். 'நெடும்பட்டியல்' (அதற்கு முந்தைய சுற்றுப் பட்டியல்), 'பரிந்துரை' என்று மட்டும் போட்ட முத்திரைகளை நான் கணக்கில் எடுப்பதில்லை.

குட்டிநூல்: சிறுவர் பக்கம் அதே சொசைட்டியின் இளையோர் நூல் பரிசு, 14 வயது வரைக்கானது. பெரியவர்கள் குழு குறும்பட்டியல் போடும். வெற்றியாளரைத் தீர்மானிப்பது பள்ளிகளிலும் நூலகங்களிலும் கூடிப் படிக்கும் பிள்ளைகளின் ஓட்டு. தகவல் சரியா என்பதைப் பெரியவர்கள் பார்த்துவிடுகிறார்கள், போரடிக்கிறதா என்பதைப் பிள்ளைகள். ஒரு குறை: படம் நிறைந்த, துண்டு துண்டான நூல்களுக்கு ஓட்டு எளிதாக விழும். 12 வயதுக்கு மேல் தொடர்ந்து வாசிக்கிற பிள்ளைக்கு அது பற்றாது.

அங்கே அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ.எஸ். (அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம்) – சுபாரு கார் நிறுவனம் பெயரிலான பரிசு கைகொடுக்கும். படநூல், நடுநிலை வகுப்பு, இளையோர், செய்துபார்க்கும் நூல் என நான்கு பிரிவு. உங்கள் வயது வரம்புக்கு முதல் மூன்றிலும் பொறுக்கலாம். செய்துபார்க்கும் நூல் என்றால் வாங்குமுன் பொருள் பட்டியலைப் புரட்டுங்கள். அளவு அவுன்ஸிலும் கப்பிலும் இருந்தால் கிராமுக்கு மாற்றும் வேலை உங்கள் தலையில்.

அலமாரி: கலிங்கா பரிசு?

பின்னட்டை: யுனெஸ்கோ கொடுப்பது; பிஜு பட்நாயக் கொடுத்த நிதியில் தொடங்கியது. 1952-ல் முதலில் பெற்றவர் இயற்பியலாளர் லூயி டி பிராய். ஆனால் அது ஆளுக்கு, நூலுக்கு அல்ல. புத்தகப் பட்டியல் போட உதவாது.

குட்டிநூல்: பழைய வெற்றியாளர்களை வாங்கும்போது பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். 2006 ஆகஸ்டுக்கு முந்திய நூலில் புளூட்டோ ஒன்பதாவது கோளாகவே இருக்கும். 2012-க்கு முந்தியதில் ஹிக்ஸ் துகள் இன்னும் கிடைக்கவில்லை. 2016-க்கு முந்தியதில் ஈர்ப்பலையை நேரடியாகக் கண்ட செய்தி இருக்காது. மறுஅச்சு ஆண்டு புதிதாக இருப்பதை நம்ப வேண்டாம், உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருக்க வேண்டும்.