நிகழ்நேரமா, நேரந்தவறாமையா? – ஆர்டிஓஎஸ்ஸுக்கு ஒரு சொல்

அண்ணே, வணக்கம். சின்னக் கருவிகளுக்குள் எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளான ஆர்டிஓஎஸ் (ரியல்-டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்) என்பதற்கு நம் கையேட்டில் ‘நிகழ்நேர இயங்குதளம்’ என்றே எழுதி வருகிறோம். பாம்பனில் மாமாவின் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் சங்கு ஊதுகிற பெட்டி ஒன்று செய்யப் போய்த்தான் இந்தச் சொல் எனக்கு இடிக்கிறது.

நிகழ்நேரம் என்றதும் கிரிக்கெட் நேரலை மாதிரி ‘உடனுக்குடன்’ என்றுதான் தோன்றுகிறது. நானும் வேகம்தான் விஷயம் என்று நம்பி பெட்டிக்குள் இருக்கும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையை முழு 240 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டேன். ஆனாலும் தண்ணீரைக் காட்டும் மிதவை ஏறி மூன்று வினாடி கழித்துத்தான் சங்கு ஊதியது. அதில் ஓடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ்ஸில் எண் பெரிதானால்தான் முன்னுரிமை அதிகம். நானோ ‘1 என்றால் முதலாவது’ என்று நினைத்து மிதவையைப் பார்க்கும் பணிக்கு 1, குறுஞ்செய்தி அனுப்பும் பணிக்கு 5 என்று போட்டு, இரண்டையும் சில்லின் ஒரே கோரில் (செயலகத்தில்) கட்டியிருந்தேன். குறுஞ்செய்திப் பணி டவர் பதிலுக்காக இடைவிடாமல் சுற்றிக்கொண்டிருக்க, மிதவைக்கு முறையே வரவில்லை. எண்களை மாற்றினேன், அவ்வளவுதான். இப்போது 80 மெகாஹெர்ட்ஸில்கூட நான் வைத்த 100 மில்லிவினாடிக் கெடுவுக்குள் ஊதிவிடுகிறது.

அதனால் ‘கெடுநேர இயங்குதளம்’ என்று வைக்கலாமா?

*

தம்பி, சிரித்துவிட்டேன். கெடுநேரம் என்றால் நம் பக்கம் ராகுகாலம், எமகண்டம் என்று நினைத்து அன்றைக்குக் கடலுக்கே போகமாட்டார்கள்.

ஆனால் நீ பிடித்த இடம் சரி. மண்டபத்தில் ஐஸ் லாரி கிளம்பிவிட்டால் அப்புறம் படகு எத்தனை வேகமாக வந்து என்ன? 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலமும் இப்படித்தான் திரும்பத் திரும்பத் தன்னையே மறுதொடக்கம் செய்துகொண்டது. முன்னுரிமை குறைந்த பணி ஒன்று பொதுப் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடியது) பிடித்துக்கொண்டிருக்க, நடுத்தரப் பணிகள் இடையில் புகுந்து அதை ஓடவிடாமல் செய்ய, மேலே இருந்த பணி காத்துக் காத்துக் கெடுவைத் தவறவிட்டது. பூட்டு வைத்திருப்பவனுக்கு மேலவனின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை இங்கிருந்தபடியே இயக்கித்தான் சரிசெய்தார்கள். வேகமான சில்லு ஒன்றும் அனுப்பவில்லை!

ஆகவே என் யோசனை: டெட்லைனுக்கு ‘கெடு’, தளத்துக்கு ‘நேரந்தவறா இயங்குதளம்’. தவறினால் எல்லாம் போச்சு என்கிற வகை வன்கெடு, உன் சங்கு அதுதான். தாமதமானால் மதிப்பு மட்டும் குறையும் என்றால் மென்கெடு, ஏலத்துக்குப் பிந்தி வந்த நண்டு மாதிரி.

*

மென்கெடு தவறலாம் என்றால் ‘நேரந்தவறா’ கொஞ்சம் பொய்தானே அண்ணே? இருந்தாலும் என் கெடுநேரத்துக்கு இது எவ்வளவோ மேல். சரி, கையேட்டில் மாற்றிவிடுகிறேன். பழகியவர்கள் தேடினால் கிடைக்கட்டும் என்று முதல் பக்கத்தில் மட்டும் ‘நிகழ்நேரம்’ என்பதையும் அடைப்புக்குறிக்குள் விடுகிறேன். தளம் நேரத்தை எண்ணும் சீரான ‘டிக்’ என்பதற்குத் ‘துடிப்பு’ போட்டிருக்கிறேன், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.